பார்க்கின்சன் நோயில் விழித்திரை மாற்றங்கள்

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தில் விழித்திரையின் அமைப்பிலும் செயலிலும் ஏற்படும் மாறுதல்கள் இவை. 1817-இல் இந்நோயை விவரித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களுக்கு இதனால் குறைவில்லை என்றே எழுதினார். கண்ணைப் பொறுத்தவரை அது சரியில்லை.

விழித்திரை, கருவில் மூளையிலிருந்தே கிளைத்து வளரும் நரம்புத் திசு. அதன் உள் அடுக்குகளில் உள்ள அமக்ரைன் செல்களில் ஒரு சிறு பகுதி, இந்நோயில் மூளையில் குறையும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. வெளிச்சத்துக்கும் மங்கலுக்கும் ஏற்பப் பார்வை தன்னைச் சரிசெய்துகொள்ள இந்த டோபமின் வேண்டும். நோயாளிகள் இறந்தபின் அவர்களது விழித்திரையைச் சோதித்த ஆய்வொன்று, அதில் டோபமின் குறைந்திருப்பதை 1990-இல் காட்டியது. இந்நோயில் மூளையில் படியும் ஆல்ஃபா-சைனுக்ளின் புரதமும் விழித்திரையில் பின்னர் கண்டறியப்பட்டது.

நோயாளி இதை உணரும் விதம் வேறு. வழக்கமான கண் பரிசோதனைப் பலகையில் கடைசி வரிவரை படித்துவிடுவார்; 'பார்வை நன்றாக இருக்கிறது' என்று அனுப்பிவிடுவார்கள். எழுத்தெல்லாம் ஒரே அளவில், மை மட்டும் மும்மூன்று எழுத்தாக வெளிறிக்கொண்டே போகும் பெல்லி-ராப்சன் பலகையை வைத்தால்தான், மாறுபாட்டை உணரும் திறனில் உள்ள குறை பிடிபடும். மங்கிய வெளிச்சத்தில் ஒரே நிறப் படிகளில் விளிம்பு தெரியாமல் போவதும் இதனால்தான். நீலம், மஞ்சள் சார்ந்த நிறப் பகுப்பும் தடுமாறலாம். டோபமினை ஈடுசெய்யும் லெவோடோப்பா மருந்து, மாறுபாட்டை உணரும் திறனைச் சிலருக்கு ஓரளவு மீட்கிறது.

ஓ.சி.டி. எனப்படும் விழித்திரை ஸ்கேன் சில நிமிடங்களில், ஊசியின்றி, விழித்திரை அடுக்குகளின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கிறது. நோயாளிகளிடம் நரம்பிழை அடுக்கு மெலிந்திருப்பதை 2004-இல் இது முதலில் காட்டியது. 2023-இல் வெளியான பெரிய பிரிட்டன் ஆய்வில், அமக்ரைன் செல்கள் இருக்கும் உள் அணுக்கரு அடுக்கும், கேங்லியான் செல்களை உள்ளடக்கிய அடுக்கும் மெலிந்திருந்தன. நோய் வெளிப்படுவதற்குச் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு முன்பே அதன் தடயம் தெரிந்ததாக அதே ஆய்வு கூறியது. ஆனால் இந்த முடிவுக்கு அடிப்படையான 67,311 பேரில் பின்னர் நோய் கண்டவர்கள் 53 பேர்தான். 

கிளாக்கோமா, நீரிழிவு, அல்சைமர் நோய், வெறும் முதுமை ஆகியவற்றிலும் இந்த அடுக்குகள் மெலியும். நோயுற்றவர், நலமுள்ளவர் இருவரின் அளவுகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. எனவே விழித்திரை ஸ்கேனை மட்டும் கொண்டு பார்க்கின்சன் நோயை இன்று உறுதிசெய்ய இயலாது. அதை நரம்பியல் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையே தீர்மானிக்கிறது.