அஹ்மத் ஷா மசூத்

அஹ்மத் ஷா மசூத் (1953–2001): சோவியத் சைனியத்தையும் பின்னர் தாலிபான்களையும் எதிர்த்து நின்ற ஆப்கானியத் தளபதி. தாஜிக் வம்சத்தவர். பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். அவர் பிறந்த கிராமம் பஸாரக் என்றும் ஜங்கலக் என்றும் இருவிதமாகக் கூறப்படுகிறது. தந்தை அரசர் சேனையில் கர்னல். காபூலில் இஸ்திக்லால் பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் பயின்ற மசூத், 1975இல் ஜனாதிபதி தாவூத் கானுக்கு விரோதமாகப் பஞ்ச்ஷீரில் நடத்திய கலகம் ஜனங்களின் ஆதரவின்றி விரைவில் அடங்கிற்று.

1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானத்தினுள் புகுந்த சோவியத் படைகளுக்கு வடக்கிலிருந்து உணவும் எண்ணெயும் ஆயுதமும் வந்து சேர்ந்த வழி சாலாங் கணவாய்ச் சாலையே. அச்சாலையை எந்நேரமும் தாக்கத்தக்க அண்மையில் பஞ்ச்ஷீர் அமைந்திருந்தமையால், 1980க்கும் 1985க்கும் இடையில் அதன்மீது ஒன்பது பெரும் படையெடுப்புகள் நிகழ்ந்தன என்பது பெரும்பான்மையான கணக்கு. காபூல் அரசின் சேனைக்குள்ளேயே இருந்த தம் ஒற்றர்கள் வாயிலாக முன்னரே செய்தி அறிந்து, கிராமத்தாரை அப்புறப்படுத்தி, பகைவரைப் பள்ளத்தாக்கினுள் வரவிட்டு, பக்கத்து மலைப்பிளவுகளிலிருந்து அவர்களைத் தாக்குவது அவருடைய முறை. மரகதச் சுரங்கங்களின்மீது வரி விதித்துப் படைச்செலவுக்கு வழிகண்டதோடு, நீதி பரிபாலனத்துக்கும் கல்விக்கும் தனித்தனிக் குழுக்களை நியமித்தார்; போர்க்களத்தின் நடுவே ஒரு ராஜ்யத்தின் அங்கங்களை இத்துணைக் கவனமாக அமைத்தவர் அக்காலத் தளபதிகளுள் அரியர். 1983இல் சோவியத் தரப்புடன் அவர் செய்துகொண்ட போர்நிறுத்தத்தை போட்டி எதிர்ப்புத் தலைவரான ஹெக்மத்யாரின் கட்சியினர் துரோகம் என்றனர். வட மாகாணங்களின் தளபதிகளை ஷூரா-இ-நஸார் என்னும் சபையில் ஒன்றுசேர்க்க அவ்வவகாசம் பயன்பட்டது என்பார் பிறர். 1984 வசந்தத்தில் அடுத்த படையெடுப்பு தொடங்கு முன்னரே பல்லாயிரம் மக்கள் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தனர்.

சோவியத் படைகள் விலகியபின், காபூல் அரசு வீழ்ந்த 1992 ஏப்ரலில் மசூத் காபூலினுள் நுழைந்து, புதிய அரசில் ராணுவ மந்திரியானார். 1993இல் காபூலின் அஃப்ஷார் பகுதியில் ஹஸாரா மக்கள் கொல்லப்பட்டதில் அவருக்குள்ள பொறுப்பு இன்றும் விவாதத்துக்குரியது. 1996 செப்டம்பரில் தாலிபான்களுக்கு நகரை விட்டுப் பின்வாங்கினார்.

பக்கோல் என்னும் கம்பளித் தொப்பியைச் சற்றே சாய்த்தணிவது அவர் வழக்கம். சதுரங்கத்தில் பிரியமுள்ளவர், பாரசீகக் கவிதையில் அதனினும் பற்றுடையவர். 2001 செப்டம்பர் 8 இரவு நெடுநேரம் நண்பர் மசூத் கலீலியுடன் ஹாஃபிஸின் கவிதைகளைப் படித்திருந்தார். மறுநாள் தகார் மாகாணத்துக் கோஜா பஹாவுத்தீனில், பத்திரிகையாளர் வேஷத்தில் வந்த அராபியர் இருவர் வெடிக்கச் செய்த குண்டுக்கு இரையானார். பஞ்ச்ஷீரிலுள்ள ஸரீச்சா குன்றில் அடக்கம் செய்யப்பட்டார்.

2021இல் தாலிபான்கள் மீண்டும் காபூலைப் பிடித்தபோது அவருடைய மகன் அஹ்மத் மசூத் பஞ்ச்ஷீரில் எதிர்ப்பைத் தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் பள்ளத்தாக்கு தாலிபான்கள் வசமாயிற்று.