கல்மரத்து மண்ணும் கற்கோடரி மாந்தரும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் தொன்மை பேசுவோர் பலரும் சாத்தனூர்க் கல்மரத்திலிருந்தே தொடங்குவர். 1940-இல் நிலவியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த அம்மரம் 18 மீட்டர் நீளமுடையது. வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். கல்லங்குறிச்சிச் சுண்ணக்கல்லில் செறிந்து கிடக்கும் சிப்பிகளோ இங்கே அலையடித்த காலத்தின் எச்சங்கள். இவற்றை மனிதத் தொன்மையோடு சேர்த்தெண்ணுதல் தவறு. அக்கடல் பின்வாங்கிப் பல கோடி ஆண்டுகள் கழிந்த பின்னரே உலகில் மனித இனம் தோன்றிற்று. ஆனால் வியப்பில் நமக்குள்ள ஆசை எளிதில் அடங்குவதில்லை. 2020-இல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது டைனோசர் முட்டைகள் என்றே செய்தி பரவியது. அவை அம்மோனைட் படிவுகள் என நிலவியலார் விளக்க நேர்ந்தது.

எனினும், மனிதப் பரவலின் வரலாறு எழுதப்பட்டதில் இவ்வட்டாரத்துக்குப் பங்குண்டு. இதன் பாறைகளை ஆய்ந்து ஹென்றி பிளான்போர்டு 1862-இல் நூல் வெளியிட்டார். அவரையடுத்துத் திருச்சிராப்பள்ளி, சேலம் பகுதிகளின் நிலவியலை எழுதியோர் வில்லியம் கிங், இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆகிய இருவர். அந்த ஃபூட்தான் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் கிங்குடன் அத்திரம்பாக்கத்தை அடைந்தார்.

அத்திரம்பாக்கத்துக் கற்கோடரிகள் மண்ணில் புதைந்து ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் ஆயின என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் நிறுவினர். அங்குள்ள இடைப் பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன்னரே தொடங்கின என்பது 2018-இல் வெளியான முடிவு. மேடைகளில் இவ்வெண்கள் தமிழரின் வயதாக முழங்கப்படுவதுண்டு. அது பொருந்தாது. அக்கோடரிகளைச் செதுக்கிய காலத்தில் நம் இனமாகிய ஹோமோ சேப்பியன்ஸ் பிறக்கவேயில்லை. அதன் மிகப் பழைய எலும்புகள் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுக்கு முற்பட்டவை.

நம் முன்னோர் மிகப் பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு, 50,000 ஆண்டுக்கு முன்பாகவே ஆஸ்திரேலியாவை எட்டியிருந்தனர். இடைவழியில் இந்தியக் கடலோரம் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன், ஸ்பென்சர் வெல்ஸுடன் இணைந்து, ஆஸ்திரேலியப் பழங்குடியினருடன் உறவுடைய எம்130 என்னும் மரபணுக் குறியை உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரில் கண்டார். இலங்கையின் ஃபாகியன் குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டு முதுமையுள்ள மனிதத் தடயங்கள் கிடைத்துள்ளன. கடற்கரையில் தங்கியோரின் தடயங்களுக்கு அந்தப் பேறு இல்லை. அன்று கடல்மட்டம் பல பத்து மீட்டர் தாழ்ந்திருந்தது. அக்கரைகள் இன்று நீருக்கடியில்.

ஆகவே உள்நாட்டு மண்ணின் மதிப்பு கூடுகிறது. அரியலூரின் சுண்ணக்கல் சுரங்கங்களில் கல்லை எட்டுமுன் அகற்றிக் கொட்டப்படுவது மேல்மண். மனிதன் விட்டுச்சென்ற கல் ஏதும் இருப்பின், அது சிப்பிகளின் பாறையில் இராது. அந்த மேல்மண்ணிலேயே இருக்கும்.