முடி வென்றது, தொப்பி போனது

1950களில் நியூயார்க்கிலும் பாரிஸிலும் பெண்கள் அணிந்த நவீனத் தொப்பி மறைந்துவிட்டது. இறந்த தேதி என்று ஒன்றைக் காட்ட முடியாது. 1960களின் நடுவில் பெண்கள் புதுத் தொப்பி வாங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டார்கள்.

பூவும் இறகும் வலையும் குவிந்திருந்த பழைய தொப்பியின் வழியில் வந்ததுதான் இது. ஆனால் அந்தச் சுமையை இறக்கிவைத்தது. கூம்பு வடிவ ஃபெல்ட்டை நீராவியில் காட்டி, சூடு ஆறுவதற்குள் மர அச்சின்மேல் இழுத்து, ஊசி குத்திக் காயவிடுவார்கள். கழற்றி எடுத்தால் தையலே இல்லாத ஒரு வளைவு கையில் இருக்கும். அலங்காரம் இருந்தால் பிசகை அதற்கடியில் மறைத்துவிடலாம். வெறும் வடிவத்தில் விரல் நடுங்கியதுகூடத் தெரியும். சிற்பிக்கு உரிய மரியாதையை இந்தத் தொழிலாளிகளுக்கு யாரும் தரவில்லை என்பது என் ஆதங்கம்.

ஆனாலும் புகழ் இல்லாமல் இல்லை. தொப்பி வடிவமைப்பாளர் லில்லி டாஷேயின் பெயரை அமெரிக்கா முழுவதும் அறிந்திருந்தது. 1953இல் கணவர் அதிபராகப் பதவியேற்றபோது மேமி ஐசன்ஹோவர் சாலி விக்டரின் தொப்பியை அணிந்தார். எட்டு ஆண்டு கழித்து, 1961 ஜனவரி 20 அன்று, ஜாக்குலின் கென்னடி அணிந்தது மாத்திரை டப்பா போன்ற சின்ன உருளை. பெர்க்டார்ஃப் குட்மன் கடையில் இருந்த ஹால்ஸ்டன் செய்தது. காற்றில் பறக்காமல் ஜாக்குலின் கையால் பிடித்தபோது அதில் பள்ளம் விழுந்ததாம். அதுவும் வடிவமைப்புதான் என்று எண்ணிப் பெண்கள் தங்கள் தொப்பியையும் அமுக்கிக்கொண்டார்களாம்.

அந்தப் புகழின் உச்சத்திலேயே நோய் தொடங்கிவிட்டது என்பேன். உப்பவைத்து வாரிய கூந்தல் கலையக் கூடாதென்று ஜாக்குலின் தொப்பியைப் பின்னுச்சிக்குத் தள்ளி வைத்திருந்தார். முடிக்குத் தொப்பி வழிவிட்டது அங்கேதான். பிறகு லண்டனில் விடால் சசூன் கத்தரித்த முடியே வடிவியல் சிற்பமாகிவிட்டது. அதன்மேல் இன்னொன்றுக்கு என்ன வேலை? காரின் கூரை தாழ்ந்தது, தேவாலயத்தில் தலையை மூடும் வழக்கம் தளர்ந்தது. இவையும் சேர்ந்துகொண்டன.

பாரிஸில் உடையோடு தொப்பியும் வடிவமைத்த பலென்சியாகா 1968இல் கடையை மூடினார். அதே ஆண்டில் ஹால்ஸ்டன் சொந்த நிறுவனம் தொடங்கினார், உடைகளுக்காக. ‘வில்லியம் ஜே.’ என்ற பெயரில் நியூயார்க்கில் தொப்பி செய்துவந்த பில் கன்னிங்ஹாம் அந்தத் தொழிலை விட்டுப் பத்திரிகைக்குப் போனார். தெருவில் நடப்பவர்களின் உடைகளை நியூயார்க் டைம்ஸுக்காகப் பல பத்தாண்டுகள் படமெடுத்தார்.