கல்லில் பொறித்த பெயர்

1508ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள். உரோமை நகரில் 33 வயதுக் கலைஞர் ஒருவர் 500 டுகாட் நாணயங்களைப் பெற்றுக்கொண்டு குறிப்பெழுதுகிறார். சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேல்விதானத்தில் ஓவியம் தீட்டத் திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் அளித்த முன்பணம் அது. ஓவியத்திற்கான பணத்தைப் பெறும்போதும் அவர் தம்மைக் குறிப்பிட்ட சொல், ‘சிற்பி மைக்கேலாஞ்சலோ’ என்பதே!

ஓவியம் அவருக்கு முற்றிலும் புதிதன்று. 13ஆம் வயதிலேயே கிர்லாந்தாயோவின் ஓவியக் கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர் அவர். எனினும் பளிங்கே தம் உயிர் என்பது அவரது உறுதி. 1505இல் அதே திருத்தந்தையின் கல்லறைக்குச் சிலைகள் செதுக்க ஒப்புக்கொண்டிருந்தார். அப்பணி தடைப்பட, விருப்பமில்லாமலே தூரிகையைக் கையிலெடுத்தார். தாம் ஓவியரல்லர் என்று கவிதையிலும் முறையிட்டார்.

‘நான் இன்னார்’ என்ற அந்த உறுதி அவரது படைப்புரிமைக்குத் தளையாயிற்றா, துணையாயிற்றா? இரண்டுமே உண்மை என்கிறது வரலாறு. பன்னிரு திருத்தூதரை வரைவதே முதல் திட்டம். அது எளிய வேலையாகவே முடியும் என்று தாம் சொன்னதாகவும், பின்னர் விரும்பியவாறு செய்யத் திருத்தந்தை இசைந்ததாகவும் 1523ஆம் ஆண்டுக் கடிதத்தில் அவர் எழுதியுள்ளார். 1512இல் பணி நிறைவுற்றபோது முந்நூறுக்கும் மேற்பட்ட உருவங்கள் அங்கே உயிர்பெற்றிருந்தன. அவற்றின் திரண்ட தோள்களையும் முறுக்கிய உடல்களையும் நோக்குங்கள். சுவரில் செதுக்கியவை போலவே தோன்றும். தாம் மறுத்த கலைக்குள் தம் சிற்பியின் கண்ணையே அவர் கொண்டுசென்றார். வேர் மாறவில்லை, கிளை மட்டும் புதிய திசையில் படர்ந்தது.

ஆனால் பெயரைக் காக்கும் துடிப்பு வேறு. இன்று தூய பேதுரு பேராலயத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே நாம் காணும் ‘பியேத்தா’ சிற்பத்தை அவர் 1499இல் முடித்தார். அதை வேறொருவர் படைப்பென்று பார்வையாளர் சிலர் பேசக் கேட்டு, இரவில் வந்து தம் பெயரைப் பொறித்தார் என்று வசாரி எழுதுகிறார். இறந்த மகனை மடியில் ஏந்திய அன்னையின் மார்புப் பட்டையில் அப்பெயர் உள்ளது. அவர் பெயர் பொறித்த ஒரே சிற்பம் அதுவே.

ஆண்டுகள் சென்றன. 1541இல் முடிந்த ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தில் புனித பர்த்தலமேயு ஏந்தியுள்ள உரிக்கப்பட்ட தோலில் இருப்பது கலைஞரின் முகமே என அறிஞர் பலர் கருதுகின்றனர். 1548இல் உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தம்மைச் ‘சிற்பி’ என்று முகவரியில் குறிக்க வேண்டாம் என்றார். கடை வைத்துத் தொழில் செய்தவனல்லன் என்ற குடிப்பெருமையும் அதில் கலந்திருந்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஒருகாலத்தில் கேடயமாகப் பிடித்த பட்டத்தை அவரே கீழே வைத்துவிட்டார். பேதுரு பேராலயத்தின் கட்டடப் பணியையும் முதுமையில் ஏற்று, ஊதியம் பெற மறுத்தார்.

தம் கல்லறைக்கென அவர் செதுக்கத் தொடங்கிய மற்றொரு ‘பியேத்தா’ புளோரன்சில் உள்ளது. அதில் அவர் பெயர் இல்லை. ஆண்டவரின் உடலைப் பின்னின்று தாங்கும் நிக்கதேமின் முக்காட்டுக்குள் அவரது முதிய முகம் இருக்கிறது. அன்று அன்னையின் மார்பில் எழுதிய பெயர், இன்று சுமை தாங்கும் முகமாயிற்று. மனம் நிறைவுறாமல் அச்சிலையையும் அவரே உடைத்தார். 1564 பிப்ரவரி 18இல், 88ஆம் வயதில் இறப்பதற்குச் சில நாள்கள் முன்புவரை, இன்னொரு ‘பியேத்தா’வைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அது முடிவுறவே இல்லை.

‘இது என் வேலையன்று’ என்று நாமும் எத்தனை முறை ஒதுங்கி நிற்கிறோம்! நம்மை நாம் அறிந்திருப்பது நன்று. ஆனால் அந்த அறிவு நாம் நிற்கும் தரையாக இருக்கட்டும். நம்மை அடைக்கும் சுவராக வேண்டாம்.