செயற்கைத் தாய்

இன்குபேட்டர் ஏதோ நேத்து வந்த சமாச்சாரம் இல்லீங்க. எகிப்துக்காரங்க ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கணப்பு மூட்டின அறைகள்ல முட்டையை வெச்சுக் குஞ்சு பொரிச்சிருக்காங்க. சரி, பொரிச்ச குஞ்சை யாரு வளர்க்கிறது?

இதைப் பத்தி உட்கார்ந்து யோசிச்சவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி ரெயோமூர். 1749-ல் புத்தகமே போட்டார். கோழியோட இறக்கைச் சூட்டுக்குப் பதிலா, உள்பக்கம் ஆட்டுத்தோல் ரோமம் வெச்ச பெட்டி ஒண்ணும் செஞ்சார். அதுக்கு அவர் வெச்ச பேரு 'செயற்கைத் தாய்'!

தர்மபுரிப் பக்கம் மார்கழிக் குளிர் எப்படின்னு சொல்லவே வேணாம். இறகு முளைக்காத குஞ்சுக்கு உடம்புச் சூட்டைக் காப்பாத்திக்கத் தெரியாது. நாட்டுக்கோழி இறக்கைக்குள்ள இழுத்து வெச்சுக்கும். மிஷின் குஞ்சுக்கு குண்டு பல்புதான் அம்மா. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரம் 5 டிகிரி குறைக்கணும். தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சைப் பாருங்க. பல்புக்கடியில நெருக்கியடிச்சா குளிருது, விலகி ஓடினா சுடுது. தடுப்பை வட்டமா வைங்க. மூலை இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கிச் செத்துடும். கோழி கொத்திக் காட்டித்தான் குஞ்சு தீனி பழகும். இங்கே நாமதான் அலகைத் தண்ணியில நனைச்சுக் காட்டணும்.

தாய்க்கோழி இருந்தும் தடுக்க முடியாதது வெள்ளைக் கழிச்சல். ஊரு ஊரா கோழியைக் காலி பண்ணின நோய். அதுக்கு முதல் வாரக் கடைசியில சொட்டு மருந்து இருக்கு.

மிஷின் பார்க்கிறது 21 நாள் வேலைதான். அதுக்கப்புறம் நாலு வாரம் அம்மா வேலை நம்ம தலையில!