பெயர் பொறிக்கப்படாத நடுகல்: கோலார் நினைவு மரபும் சயாம் மரண ரயில்பாதைத் தமிழரும்

முன்னுரை

போரில் மாண்டவனுக்குக் கல் நட்டு வழிபடுதல் தமிழரின் தொன்மையான வழக்கம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கிறது. கல்லில் பெயரும் பெருமையும் எழுதப்பட்டமையை அகநானூறு சுட்டுகிறது. இம்மரபு வேரூன்றிய கோலார் நிலப்பகுதியைத் தொடக்கமாகக் கொண்டு, இரண்டாம் உலகப்போரில் மாண்டும் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத தமிழ்த் தொழிலாளரின் நிலையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோலாரும் நடுகல்லும்

குவளாலபுரம் எனக் கங்கர் காலத்தில் வழங்கிய கோலார், சோழர் ஆட்சியில் நிகரிலிசோழ மண்டலத்துள் அடங்கியது. 1905இல் பி. எல். ரைஸ் வெளியிட்ட கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதிகளுள் பத்தாவது தொகுதி கோலார் மாவட்டத்திற்குரியது. கங்கர், பாணர், நுளம்பர் காலத்து வீரக்கல் பொறிப்புகள் பல அதில் இடம்பெற்றுள்ளன. ஊரைக் காத்தும் ஆநிரை மீட்டும் மாண்ட எளிய வீரனின் பெயர்கூட அரசன் பெயரோடு ஒரே கல்லில் நிற்பதை இப்பொறிப்புகளில் காணலாம். மாண்டவனின் குடும்பத்தார்க்கு நிலம் வழங்கும் வழக்கமும் இருந்தது. தமிழ்க் கல்வெட்டுகள் அதனை உதிரப்பட்டி என்கின்றன. ஆகவே நினைவு என்பது கல்லோடு முடியவில்லை. எஞ்சியோர் வாழ்வுக்குப் பொறுப்பேற்பதும் அதன் பகுதியாக இருந்தது.

உழைப்போர் பதிவு

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இப்பகுதியில் தங்கச் சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பெருந்தொகையினராக இங்குக் குடியேறினர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட மக்களே மிகுதி. அதே காலத்தில் அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து மற்றொரு பிரிவினர் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். ஈரிடங்களிலும் உழைப்பவன் பதிவுக்கு உள்ளானான். தங்கவயலில் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து 1930இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தோட்டத்திலோ அன்றாட வருகையைக் காட்டும் செக்ரோல் இருந்தது. இப்பதிவுகள் உழைப்பைக் கணக்கிடவும் உழைப்பவனைக் கட்டுப்படுத்தவும் எழுந்தவை. மாண்டவனை நினைவுகூர எழுந்தவை அல்ல. இவ்வேறுபாட்டை மனங்கொண்டாலன்றி, செக்ரோலில் பெயர் பெற்ற தமிழன் இறப்புப் பட்டியலில் இல்லாமற் போனதன் காரணம் விளங்காது.

சயாம்-பர்மா ரயில்பாதை

தாய்லாந்தின் பான்போங் முதல் பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை ஜப்பானியப் படை 1942 முதல் 1943 அக்டோபர் வரை அமைத்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் இதில் ஈடுபடுத்தப்பட்டனர். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகை இரண்டு லட்சம் அளவினது எனவும், இறந்தோர் ஏறத்தாழ 90,000 எனவும் மதிப்பிடுவர். இதனினும் மிகுதியாகக் கூறுவாரும் உளர். மலேயாவிலிருந்து 75,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழரே பெரும்பான்மையர்.

1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா பரவியபோது இறப்பு பெருகியது. கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். இறந்தோர் பெயரையும் புதைத்த இடத்தையும் மறைவாகவேனும் குறித்து வைத்தனர். தொழிலாளர் முகாம்களில் அத்தகைய அமைப்பு இல்லை. பிணங்கள் ஒரே குழியில் இடப்பட்டன; எரிக்கவும்பட்டன. எனவே எழுதுவார் இன்மையே பெயர் மறைந்ததற்கு முதற்காரணம் எனலாம்.

இரண்டாவது காரணம் போருக்குப்பின் நேர்ந்தது. 1945 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நேசநாட்டுக் குழுவொன்று பாதை நெடுகச் சென்று 144 இடுகாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளங் கண்டது. அத்தேடல் படைவீரருக்கானது. இன்று காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் வீரர்தம் பெயர் தாங்கிய கற்கள் வரிசையாக உள்ளன. தொழிலாளர் குடிமக்கள் ஆதலின் அவ்வரையறைக்குள் வரவில்லை. 1990இல் காஞ்சனபுரியில் நூற்றுக்கணக்கானோர் எலும்புகள் ஒரே இடத்தில் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றையேனும் இன்னார் எனக் கூறப் பதிவேடு இல்லை.

இக்குறை சயாமுக்கு மட்டும் உரியதன்று. முதல் உலகப்போரில் பிரித்தானியப் பேரரசிற்காக மாண்ட ஆசிய, ஆப்பிரிக்கரில் குறைந்தது 1,16,000 பேர் பெயரளவிலோ முற்றிலுமோ நினைவுகூரப்படவில்லை எனப் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையமே தன் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

மீட்பு முயற்சிகள்

அரசு ஆவணம் கைவிட்ட இடத்தில் தமிழ் எழுத்து முன்வந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய மலேசிய நாவல்களும் சீ. அருணின் ஆய்வும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கன. புனைவு முகாம் வாழ்வை உணர்த்தும். இறந்தவனின் பெயருக்குச் சான்றாகாது. ஆதலின் எஞ்சியோர் வாய்மொழி, தோட்டத்துப் பேரேடு, குடும்பத்தில் வழங்கும் செய்தி ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பெயர்ப்பட்டியல் உருவாக்குவதே ஆய்வாளர்முன் உள்ள பணி. மாண்டோரின் பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டமையால் இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.

முடிவுரை

தங்கவயலில் 1946 நவம்பர் 4 அன்று துப்பாக்கிச் சூட்டில் மாண்ட தொழிலாளர் அறுவரின் நினைவை அம்மக்கள் போற்றிவருகின்றனர். அங்குச் சங்கம் இருந்தது. உடன் உழைத்தோர் பெயர் அறிந்திருந்தனர். சயாமில் உடன் உழைத்தோரும் உடன் மாண்டனர். 2023இல் தமிழ் அமைப்புகளின் முயற்சியால் காஞ்சனபுரியில் நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. தொல்காப்பியர் கூறும் நடுதல் இவ்வாறு எண்பதாண்டுகளுக்குப்பின் நிகழ்ந்தது. ஆயினும் கோலார்க் கற்களில் காணும் இரண்டு இன்னும் நிறைவேறவில்லை. ஒன்று, மாண்டவனின் பெயர். மற்றொன்று, அவன் குடிக்குரிய உதிரப்பட்டி. முன்னதைத் தேடித் தருவது ஆய்வின் கடன்; பின்னதை எண்ணிப் பார்ப்பது அரசுகளின் கடன்.