விந்தின் அடர்த்தி: நீர்ச் சோதனை முதல் நுண்ணோக்கி வரை

விந்து கெட்டியாக இருந்தால் பிள்ளைப்பேறு உறுதி, நீர்த்திருந்தால் குறை என்ற எண்ணம் மிகப் பழமையானது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் ஒரு சோதனையைப் பதிவு செய்தார்: தண்ணீரில் விட்டால் வளமான விந்து அடியில் தங்கும், வளமற்றது மேலேயே பரவிக் கரைந்துவிடும். வெளிப்படும்போது கெட்டியாக இருக்கும் விந்து பிறகு நீராக இளகுவதையும் அவர் கவனித்தார். குளிர்ச்சியே காரணம் என்று கருதினார். இந்தியாவில் சரக சம்ஹிதை, விந்தின் எட்டுக் குறைகளில் நுரைத்தல், நீர்த்தல், பிசுபிசுப்பு ஆகியவற்றையும் சேர்த்தது.

1677இல் டெல்ஃப்ட் நகரில் லேவன்ஹுக் நுண்ணோக்கி வழியே விந்தணுக்களைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஆனாலும் அவற்றின் பணி விளங்க ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்பல்லன்சானி என்ற ஆய்வாளர் தவளை விந்தை வடிகட்டிப் பார்த்தார். வடிந்த நீர் முட்டைகளைக் கருவாக்கவில்லை. வடிதாளில் தங்கியது கருவாக்கியது. அப்போதும் அவர் அணுக்களுக்கு அந்தப் பெருமையைத் தரவில்லை. 1824இல் பிரெவோ, துய்மா என்ற ஆய்வாளர்கள் இத்தகைய சோதனையைச் செய்து, கருவாக்குபவை அணுக்களே என்று வாதிட்டனர். 1929இல் மேக்கோம்பர், சாண்டர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் அணுக்களை எண்ணும் முறையை விளக்கியபின், எண்ணிக்கையே பரிசோதனையின் மையமாயிற்று.

அரிஸ்டாட்டில் கண்ட இளக்கத்தின் காரணம் 1980களில் தெளிவானது. விந்துப் பையிலிருந்து வரும் செமினோஜெலின் என்ற புரதம் விந்தை உறையச் செய்கிறது. புராஸ்டேட் சுரப்பியின் பி.எஸ்.ஏ. நொதி அதைச் சிதைத்து இளக்குகிறது. பொதுவாகச் சில நிமிடங்களில் தொடங்கும் இந்த மாற்றம் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இளகிய பின்னும் சொட்டு 2 சென்டிமீட்டருக்கு மேல் நூலாக நீண்டால், பிசுபிசுப்பு மிகுதி என்று ஆய்வகம் குறிக்கும். அது அணுக்களின் அசைவை அளப்பதற்கும் இடையூறு. விந்துப் பை பிறவியிலேயே இல்லாதவரிடம் விந்து குறைவாகவும் உறையாமலும் வரும். இவ்வளவே அடர்த்தி சொல்லும் செய்தி.

உலக சுகாதார நிறுவனம் 1980இல் பரிசோதனைக் கையேட்டை முதலில் வெளியிட்டது. 2021ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில் அணு எண்ணிக்கையின் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1.6 கோடி. அணுக்கள் விந்தின் மிகச் சிறு பங்கே என்பதால், வாசக்டமி (ஆண் கருத்தடை அறுவை) செய்துகொண்டவரின் விந்தும் பார்வைக்கு முன்போலவே இருக்கும். ஆகவே கெட்டித்தன்மையைக் கண்டு யாரும் தேறவோ கலங்கவோ வேண்டியதில்லை. ஓராண்டு முயன்றும் கரு தரிக்காவிட்டால் கணவன், மனைவி இருவருமே பரிசோதனை செய்துகொள்வதே சரியான வழி.